சாவி வெளியே, ஆள் மேலே

எவாரிஸ்டோ பொய் சொல்கிறார் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு சிலந்திவலை.

மலையுச்சி ஊரான மோன்தெகுர்வோவின் மதிலுக்குள் முப்பத்தோரு வீடுகள். ஆள் இருப்பது ஒன்பதில். காலையில் எழுந்ததும் கீழே வந்து கதவைத் திறந்து, சாவியை வெளிப்பக்கம் செருகி வைப்பார்கள். உயிரோடு இருக்கிறேன், உள்ளே வரலாம் என்று பொருள். மலையேறி வரும் சுற்றுலாக்காரர்கள் அந்தச் சாவிகளைப் படம் எடுப்பார்கள். எவாரிஸ்டோ மாடி ஜன்னலிலிருந்து அவர்களை முறைப்பார். இந்த மதிலை நாற்பது வருடம் பூசிக் காத்த கொத்தனார் அவர். அவர்கள் கல்லைத் திருட வந்தவர்கள் என்பது அவர் கட்சி.

எண்பத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, இடது காலில் ஆறாத புண். செவ்வாயும் வெள்ளியும் ஊர் நர்சான நான் போய்க் கட்டு மாற்றுவேன். பெருஜியா நகரில் இருக்கும் அவர் தங்கை மகள் மிரெல்லா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஏழு மணிக்கு ரொட்டிக்காரர் தெருவில் வரும்போது சாவி வெளியே இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மாமா மலையடிவார முதியோர் இல்லத்துக்குப் போய்விட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குச் சாவி இருந்தது. படியேறினேன், குறுக்கே பின்னியிருந்த சிலந்திவலை முகத்தில் ஒட்டியது. செவ்வாயன்று அது இல்லை.

"காலையில கீழ வந்தீங்களா?"

"பின்ன சாவி தானா பறந்து போச்சா, நர்சம்மா?"

முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. கட்டிலில் படுத்த தடயமே இல்லை. நாற்காலியில்தான் போர்வை கிடந்தது. கட்டை மட்டும் மாற்றிவிட்டு வந்தேன். சந்தேகத்தை நோயாளியிடம் காட்டினால் அவன் இன்னும் நன்றாக மறைப்பான்.

மறுநாள் ஆறரைக்கே மதில்வாசல் வளைவுக்குள் நின்றேன். மிரெல்லாவேதான் யாருக்கோ சாவி கொடுத்து வைத்திருக்கிறாளோ, வீட்டை விற்கப் பார்க்கிறாளோ என்றுகூட யோசித்தேன்.

ஏழுக்குப் பத்து நிமிடம். மாடி ஜன்னல் திறந்தது. கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. எதிர்வீட்டுக் கதவு திறந்து, செருப்பை இழுத்துக்கொண்டு வந்தவள் ஓர்சலா! ஓர் அத்திமரத்துக்காக அவரோடு பத்தொன்பது வருடமாகப் பேசாதவள் என்று ஊரே சொல்லும் ஓர்சலா.

"சீக்கிரம் எடு, சூனியக்காரி."

"கத்தாதடா, கிழட்டு ஆட்டுக்கடா. ரொட்டிக்காரன் வந்துருவான்."

கூடையிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, அப்படியே செருகினாள். கூடையில் மூடிபோட்ட கிண்ணம் ஒன்றை வைத்து, கயிற்றை இரண்டு தடவை இழுத்தாள். அப்போது வளைவிலிருந்து வெளியே வந்தேன்.

"எத்தனை நாளா?"

ஓர்சலா அசரவில்லை. "மூணு வாரம். ராத்திரி நானே பூட்டிச் சாவியைக் கூடையில மேல அனுப்பிருவேன். போய்ச் சொல்லு. எதிர்ல இன்னொரு ஜன்னல் இருட்டாகட்டும்."

"சொல்லத்தான் போறேன்" என்றேன். படியில் விழுந்து இரண்டு நாள் கிடந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

மேலே போனேன். எவாரிஸ்டோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்னைக் கீழ அனுப்பிராதீங்க."

"கீழதான் அனுப்பப்போறேன், பதினாலு படி. தரைத்தளத்துல கழுதை கட்டுற அறை சும்மாதானே கிடக்கு? கட்டிலை அங்க போடுவோம்."

"நான் கழுதையா?"

"கழுதையா இருந்தா இதுக்குள்ள ஒத்துக்கிட்டிருக்கும்."

அங்கிருந்தே மிரெல்லாவுக்குத் தொலைபேசினேன். வலை, கூடை, ஓர்சலா, முழங்கால், எதையும் விடவில்லை. "திங்கட்கிழமை மாமாவே கதவைத் திறக்கணும். ரொட்டிக்காரர் கண்ணால பாக்கணும்" என்றாள்.

ஞாயிறு முழுக்க அறையைச் சுண்ணாம்படித்து, கட்டிலையும் அவரையும் கீழே இறக்கினோம். திங்கள் காலை நானும் ஓர்சலாவும் ரொட்டிக்காரரும் தெருவில் நின்றோம். ஏழு ஆனது. கதவு அசையவில்லை. உள்ளே கைத்தடிச் சத்தம், பிறகு ஒரு கெட்ட வார்த்தை. கதவு திறந்தது. அவரே சாவியைச் செருகினார்.

"ஏழு அஞ்சு" என்றாள் ஓர்சலா.

"உன் கடிகாரம் உன் நாக்கு மாதிரி, முந்தி ஓடுது."

ரொட்டிக்காரர் சிரித்தபடி தொலைபேசியில் மிரெல்லாவை அழைத்தார். அவர் ஏழு என்று சொல்வாரா, ஏழு அஞ்சு என்றா? பக்கத்தில் போய் நின்று காது கொடுத்தேன்.

"சாவி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.