அப்பா கட்டிய இறால்கள்

எங்கள் வீட்டில் இறால் கட்டுவது அப்பாதான் என்பது மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். மூன்றாவது ஆள் நான். எனக்கு அப்போது எட்டு வயது.

தங்கச் சுரங்கத்தை மூடியபின், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் கோரமண்டல் லைன் வீடுகளிலிருந்து ஆண்கள் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அப்பா போகவில்லை. இருபது வருஷம் பூமிக்கடியில் பாறைக்கு வெடி வைத்தவர். நெஞ்சில் தூசு தங்கிவிட்டது. பத்தடி வேகமாக நடந்தால் நின்றுவிடுவார். அம்மாதான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஏஜென்ட்டைப் பார்த்து அந்த வேலையைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டுக் குளிர் ஆறுகளில் டிரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாம். அதைப் பிடிக்கிற தூண்டில் முள்ளில், குட்டி இறால் போலத் தெரியும்படி நூலும் மயிரும் சுற்றித் தரவேண்டும். எங்கள் லைனில் யாரும் அந்த மீனைக் கண்ணால் கண்டதில்லை. அது இவ்வளவு முட்டாளாக இருக்குமா என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

அம்மா கட்டியவை பஞ்சுப் பொதி மாதிரி வந்தன. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அப்பா கையில் வாங்கினார். முள்ளை வைஸ் என்கிற சின்ன இரும்புப் பிடியில் மாட்டி, சாம்பல் நிற முயல் மயிரை நூலோடு திரித்துச் சுற்றினார். முதுகின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை இழுத்துப் போட்டு, செப்புக் கம்பியால் இடைவெளி விட்டு வரிந்தார். ஊசியால் அடிப்பக்கம் கிளறிவிட்டதும் கால்கள் முளைத்தன. வெடித்திரி கட்டிப் பழகிய விரல்கள். ஒரு சுற்று கூடவில்லை, குறையவில்லை.

அதன்பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அப்பா கட்டினார். வெளியே அது அம்மாவின் வேலை. லைனில் பெண்கள் மட்டுமே செய்கிற வேலை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்த இரண்டு பேர் வந்தார்கள். அப்பா வைஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த இறாலை ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டு, தங்கச்சியின் கைவேலை என்று அம்மாவை மெச்சினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தாங்கவில்லை.

“அம்மா கட்டல. எல்லாம் எங்கப்பா கட்டினது.”

வந்தவர் இறாலை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தார்.

“நல்லதுதான் மச்சான். ஒக்காந்த எடத்துல வேல. இன்னா பண்றது” என்றார்.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. அவர்கள் போனதும் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அப்பா தடுத்தார்.

“வுடு. கொயந்த பொய் சொல்லலியே.”

அடுத்த வாரமே அவர் பெங்களூரில் ஒரு வாட்ச்மேன் வேலையைப் பிடித்துவிட்டார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நீலச் சட்டையும் தொப்பியுமாக அப்பா ரயிலேறியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஏழு மாதம் போனார். பிறகு படுத்தார். மழை பிடிப்பதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அந்த ஏழு மாதத்தில் ஒரு சாயங்காலம் அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் போய் கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் அப்பா பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார். ஓடிப்போய், இன்னாப்பா தேடறே என்று கேட்டேன். அவர் இரண்டு மூன்று தடவை மூச்சை இழுத்துக்கொண்டார்.

“சட்ட பட்டன்... வுழுந்துட்ச்சும்மா.”

நான் உடனே மண்டியிட்டேன். பெஞ்சுக்கடியில், கல் இடுக்கில், தண்டவாளத்தோரம் வரை தேடினேன். அப்பா அவசரப்படுத்தவில்லை. பொறுமையாகத் தேடச் சொன்னார். கிடைக்கவில்லையே என்று வருத்தத்தோடு நிமிர்ந்தபோது அவர் நேராக நின்றுகொண்டிருந்தார். சட்டையில் எல்லாப் பட்டன்களும் இருந்தன. அப்பா விளையாட்டுக்கு ஏமாற்றிவிட்டார் என்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.