வெள்ளை வானத்தில் ஒரு கறுப்பு வால்நட்சத்திரம்

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு வால்நட்சத்திரம் வந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் குடியிருந்த வாடகை வீட்டு மொட்டைமாடியில், ஒரு சாயங்காலம், என் வீட்டுக்காரர் என் முகவாயைப் பிடித்து மேற்கே திருப்பினார். "ஆப்புட்டுச்சா?" என்றார். அது கண்ணுக்கு நேரே பளிச்சென்று நின்றது. இருந்தாலும் கையை எடுத்துவிடுவாரே என்று "இல்லையே" என்றேன். அந்த மாடியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயது குறைந்துவிடுகிறது.

இத்தனை வருஷம் கழித்து இன்னொரு வால்நட்சத்திரம் வந்தபோது நான் ரிட்டயராகப் போகிற அறிவியல் டீச்சர். அவருக்கோ சர்க்கரை கண்ணில் கை வைத்திருந்தது. பார்வையின் நடுப்பகுதி போய், ஓரம் மட்டும் மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். விடியலில் கடலுக்கு மேலே தெரிகிறதாம் என்று செய்தியில் கேட்டதிலிருந்து மனிதர் குழந்தை மாதிரி ஒரே பிடிவாதம். "ஒரு தபா பாத்துட்டா போதும். அப்பால இன்னா ஆனா இன்னா" என்றார்.

விடிவதற்கு முன்பே சதுரங்கப்பட்டினக் கரைக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். படகுகளுக்கு நடுவே நின்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கடல் காற்றைத் தவிர அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திப் படமாக எடுத்துத் தள்ளினேன். கண்ணால் முடியாததைக் கம்ப்யூட்டரில் காட்டிவிடலாம் என்று ஒரு தைரியம்.

வீட்டுக்கு வந்ததும் தைரியம் வடிந்துவிட்டது. மங்கலான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தெளிவு கூடும் என்று யூடியூபில் கற்றேன். ஆனால் வால்நட்சத்திரம் ஓரிடத்தில் இருக்காது, மற்ற நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும். நட்சத்திரங்களைப் பொருத்தி அடுக்கினால் இது கலங்கிப்போகிறது. இதைப் பொருத்தினால் நட்சத்திரங்கள் கோடுகோடாக இழுபடுகின்றன. கரையோர விளக்குகளின் மஞ்சள் பூச்சைப் படத்திலிருந்து நீக்க, மென்பொருளில் ஒரு கருவி இருந்தது. அதைத் தட்டினேன். பின்னணி சுத்தமானது, கூடவே வாலும் போய்விட்டது. வாலையும் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது சனியன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தினமும் இதே கூத்து. "இன்னா, ஆச்சா?" என்று அவர் கேட்காத நாள் இல்லை.

ஒருவழியாக, வாலைத் தொடாமல் பின்னணியை மட்டும் துடைக்கப் பழகினேன். வானத்தைப் படமெடுப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன், பாராட்டினார்கள். அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். "ஒரே கறுப்பா கீது" என்றார். அன்றைக்குக் குழுவின் பாராட்டைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால். வெள்ளைத் தாள், கறுப்பில் கொட்டை எழுத்து. எனக்குச் சுரீரென்றது. அப்படியே போய் படத்தின் நிறத்தை மாற்றிப்போட்டேன். வானம் வெள்ளையானது, வால்நட்சத்திரம் கறுப்பானது. வாலின் மங்கலான நுனிவரை கறுப்பை ஏற்றினேன். குழுவில் போட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். செங்கல்பட்டு ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் எடுத்துத் தந்தவர், "இன்னா டீச்சர், எக்ஸ்ரேவா?" என்றார்.

ஜன்னலோரம் தாளை விரித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துழாவினார். எங்கே இருக்கிறது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் விரல் வால்நட்சத்திரத்தின் தலையில் போய் நின்றது. அங்கிருந்து வால் வழியாகவே மெல்ல ஏறி, நுனி வந்ததும் நின்றது. "இம்மாம் நீளமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் தன் தம்பிக்குப் போன் போட்டார். "சதுரங்கப்பட்டினம் போயி பாத்துட்டேன்டா. நீ பாத்தியா?" தம்பி இல்லை என்றிருக்க வேண்டும்.

"கண்ணு நல்லா கீற ஒனக்கு இன்னாடா கேடு, எழுந்து போயி பாக்குறதுக்கு?" என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.