எஸ்.எஸ். தொட்டியைத் தின்ற பெரிக் குளோரைடு

வேலையை விட்டுவிட்டு, திருப்பூர் மண்ணரையில் சொந்தமாக எலக்ட்ரானிக்ஸ் பட்டறை போட்ட முதல் வாரம். நிட்டிங் கம்பெனி நடத்தும் செல்வராசு அண்ணன் கருகிப்போன ஒரு போர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நூல் அறுந்தால் மெஷினை நிறுத்துகிற போர்டு அது.

“இந்த மாடலையே நிறுத்திப்போட்டாங்களாமுங்க. என்ற ஆறு மெஷினுக்கும் இதே போர்டுதான். ஒண்ணு செஞ்சு ஓட்டிக் காட்டுங்க, ஆறையும் வெச்சுக்கறேன். இல்லீன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்காரரு வந்து ஏத்திக்குவாரு.”

“தாராளமா செஞ்சுடலாமுங்க” என்றேன். வாய்ச் சவடால்தான்.

காப்பர் தகடு ஒட்டிய போர்டில் சர்க்யூட் கோடுகளை மையால் வரைந்துவிட்டால், மை மூடாத காப்பரையெல்லாம் பெரிக் குளோரைடு கரைசல் தின்றுவிடும். மைக்கு அடியில் உள்ள கோடுகள் மட்டும் நிற்கும். தட்டில் ஊற்றி ஆட்டிப் பார்த்தேன். நடுவில் கரைவதற்குள் ஓரத்துக் கோடுகள் அறுந்துபோயின. மூன்று போர்டு குப்பைக்குப் போனது. போர்டை நிற்கவைத்து அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டால் ஒரே சீராகக் கரையும். அதற்கு ஒரு தொட்டி வேண்டும்.

திருப்பூர்க்காரனுக்குத் தொட்டி என்றால் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே? வீரபாண்டியில் சாயப்பட்டறைகளுக்குத் தொட்டி வெல்டிங் செய்பவரிடம் ஓடினேன். “எந்தச் சாயத்துக்கும் அசையாதுங்க” என்று தட்டிக் காட்டினார். பளபளவென்று இருந்த ஒன்றை வாங்கிவந்து கரைசலை ஊற்றினேன். மறுநாள் காலையில் பார்த்தால், அட கெரகத்தே! ஊசி ஊசியாக ஓட்டை. தரையெல்லாம் காப்பி நிறம். காப்பரைத் தின்பது ஸ்டீலை மட்டும் விட்டுவைக்குமா? பத்து வருஷம் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பார்த்தவனுக்கு இது உறைக்கவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை மீன் தொட்டிக் கடைக்குப் போனேன். ஒல்லியாக, உயரமாக ஒரு கண்ணாடித் தொட்டி, ஏர் பம்ப், டியூப். டியூபில் துளைகள் போட்டு அடியில் பதித்து, முதலில் வெறும் தண்ணீரில் ஓட்டினேன். பம்ப் பக்கம் மட்டும் பொங்கியது; மறுமுனையில் மூச்சே இல்லை. டியூபை வளைத்து இரண்டு முனையிலும் காற்றுக் கொடுத்தேன். அப்புறம் பாருங்கள், திரை கட்டிய மாதிரி குமிழி! கரைசலை ஊற்றிப் போர்டை இறக்கினேன். ஓரம், நடு என்ற பேதமே இல்லாமல் வந்தது.

ராத்திரியே பாகங்களைப் பற்றவைத்தேன்; ஞாயிற்றுக்கிழமை மெஷினில் மாட்டினோம். ஓடுகிற நூலை அண்ணனே விரலால் அறுத்தார். டக்கென்று நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை அறுத்தார். மறுபடியும் நின்றது. அங்கேயே போனை எடுத்தார்: “ஏனுங்க, நாளைக்கு லாரி அனுப்ப வேண்டாமுங்க.” எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பட்டறை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊரே புழங்குகிற சாமானாக இருந்தாலும், ஒரு துண்டை முதலில் உங்கள் கரைசலில் போட்டு ஒரு நாள் பாருங்கள். கேட்டிருந்தால் அந்த வெல்டிங்காரர் கழிவுத் துண்டு ஒன்றைச் சும்மாவே கொடுத்திருப்பார்.