தூக்குவாளி மூடியில் ஒரு ஸ்டிக்கர்

'வளர்ச்சி' என்ற சொல்லை என் கொழுந்தனார் வாயால் கேட்டாலே எனக்கு அடிவயிறு எரியும். சென்னையில் ஏதோ கம்பெனியில் சோப்பு விற்கிற வேலை பார்த்தார். வேண்டாம் என்று அவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து ஒரு வாரம் குப்புறப் படுத்துத் தூங்கினார். எழுந்த கையோடு என் தொழிலை வளர்க்கப் போவதாகச் சொன்னார். இவரை யார் கேட்டது?

என் தொழில் பலகாரம். செட்டிநாட்டுப் பக்கம் செக்காலையில் ஒரு சந்துக்குள், எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஐந்தாறு பெண்களை வைத்துக்கொண்டு செய்கிறேன். சுற்றுவட்டாரத்துப் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு மனகோலம், தேன்குழல், அதிரசம், சீப்புச் சீடை எல்லாம் எங்கள் கொட்டகையிலிருந்துதான் போகும். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. பெண் வீட்டார் தங்கள் இனிஷியல் வெட்டிய எவர்சில்வர் தூக்குவாளிகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். நாங்கள் நிரப்பி, விருந்தாட்கள் வருமுன் பின்வாசல் வழியாக இறக்கிவிட்டு வந்துவிட வேண்டும். முன்வாசல் பக்கம் தலை காட்டக் கூடாது.

பிறகு அந்த வாளிகள் வீட்டின் நடுவே வளவில், மற்ற சீர்சாமான்களோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். கேட்டால் 'வீட்டுல சுட்டது' என்பார்கள். வீட்டில் ஒருவரும் அடுப்புப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அது தெரியும். அவர்கள் வீட்டுக்கும் ஏதோ ஒரு சந்துக்குள் யாரோ ஒருத்திதானே வெந்திருப்பாள்! ஆனாலும் சபையில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதுதான் இங்கே மரியாதை.

என் தொழில் வளர்ந்தது அந்த ஊமை நாடகத்தில்தான். பெரிய வீட்டுப் பெண்களை எங்கள் பக்கம் ஆச்சி என்போம். சாப்பிட்டுப் பார்த்த ஒரு ஆச்சி, கல்யாண வீட்டு ஆச்சியின் காதோரம் குனிந்து, "யாரு கை?" என்று கேட்பார். என் நம்பர் கைமாறும். அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னொரு வீட்டு வாளிகள் வந்து இறங்கும். காதுக்குக் காது போய்த்தான் ஒரு அடுப்பு நாலு அடுப்பானது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் டீக்கடைகளுக்கு முறுக்குப் போட்டாவது அடுப்பை எரியவைத்தேன். ஒரு மாதம் அடுப்பு அணைந்தால் பெண்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். சீப்புச் சீடையைச் சுருட்டிப் பழகிய கையை அப்புறம் எங்கே போய்த் தேடுவது? எனக்குத் தெரிந்த வளர்ச்சி அவ்வளவுதான்.

கொழுந்தனாருக்கு அது பத்தவில்லை. "மதினி, இப்பத்தான் மொமண்டம் வந்திருக்கு. இந்த நேரத்துல பிராண்ட் ஆக்காம விட்டா, காலத்துக்கும் இந்தச் சந்துக்குள்ளயே கெடக்க வேண்டியதுதான்."

"கெடந்துட்டுப் போறேன். நீங்க வாயப் பொத்திக்கிட்டு மாவச் சலிங்க."

சலித்தார். சலித்துக்கொண்டே என்ன யோசித்தாரோ, பாவி மனுஷன்.

கோவிலூர்ப் பக்கம் ஒரு பெரிய கல்யாணம். பெண்ணைப் பெற்ற ஆச்சி சொன்னால் பத்து வீடு கேட்கும். அவ்வளவு செல்வாக்கு. அந்த ஒரு ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் வருஷம் முழுக்க அடுப்பு அணையாது என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். விடிய விடிய வேலை பார்த்து வாளிகளை மூடி வைத்துவிட்டு, நான் குளித்துச் சேலை மாற்றப் போனேன். அந்த இடைவெளி போதுமாக இருந்திருக்கிறது அவருக்கு. நான் வந்தபோது எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார். இவ்வளவு சுறுசுறுப்பு ஏது என்று ஆச்சரியப்பட்டேன்.

வாளிகளை அந்த வீட்டு ஆட்கள் அவசர அவசரமாக இறக்கிக்கொண்டு போனார்கள். பாக்கிப் பணத்துக்காக நான் பின்கட்டில் ஒதுங்கி நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கிய கொஞ்ச நேரத்தில் வளவிலிருந்து சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு தூக்குவாளி மூடியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். வீட்டு இனிஷியலுக்குக் கீழே மஞ்சளாக, வட்டமாக ஒரு ஸ்டிக்கர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சபை கேட்க வாசித்தார்.

"சுத்தமான செட்டிநாட்டுப் பலகாரம். ஆர்டருக்கு அழைக்கவும். அடடே, நம்பரெல்லாம் போட்டிருக்கே! வீட்டுல சுட்டதுன்னு சொன்னீக?"

பெண்ணின் அம்மா முகம் செத்துப்போனது. அத்தனை வாளியிலும் அந்த மஞ்சள் வட்டம்.

பின்கட்டுக்கு வந்த ஆச்சி என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எம் மக கல்யாணத்துல, சம்பந்தி முன்னாடி எம் மானத்த வாங்கிட்டீகள்ல? இனி இந்த வாசப்படி மிதிச்சுறாதீக" என்றார்.

வீட்டுக்கு வந்து கையில் கிடைத்த ஜல்லிக் கரண்டியைக் கொழுந்தனார் மேல் வீசினேன். குறி தப்பிவிட்டது. இன்றுவரை அதில் எனக்கு வருத்தம்தான். "கெட்ட பேரும் ஒரு விளம்பரந்தான் மதினி" என்றார் அந்த மனிதர், கரண்டியைக் குனிந்து எடுத்துக்கொண்டே.

காதுக்குக் காது வளர்ந்த தொழில் காதுக்குக் காதே சரிந்தது. இளையாத்தங்குடியிலிருந்து வந்திருந்த வாளிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை. கொட்டகையில் ஒரு அடுப்பு மட்டும் டீக்கடை முறுக்குக்காக எரிந்தது. சீப்புச் சீடை சுருட்டுவதில் கெட்டிக்காரி ஒருத்தி, "என்னய மன்னிச்சுக்கங்கக்கா, எம் பிள்ளைகளப் பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, செக்காலை ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. எனக்குக் கோபமெல்லாம் அந்த ஆச்சிமார்கள் மேல். ஸ்டிக்கரில் என்ன பொய் இருந்தது? எங்கள் பண்டம் வேண்டும், எங்கள் பேர் மட்டும் நாறுகிறதா? இப்படி ஒரு கேள்வி கொழுந்தனாரால்தானே என் மண்டைக்குள் வந்தது என்று நினைக்க, அதற்கும் அவர் மேல் எரிச்சல் வந்தது.

டீக்கடைக்காரரும் முறுக்கைக் குறைத்துக்கொண்ட சமயத்தில் ஒரு போன் வந்தது. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. மூடியைத் தூக்கிப் பிடித்து வாசித்த அதே மாப்பிள்ளையின் அம்மா.

"அன்னைக்கு அந்த நம்பரப் படம் எடுத்து வச்சேன். மனகோலம் அம்புட்டு நல்லா இருந்துச்சு. எங்க மகளுக்குத் தையில கல்யாணம். வாளி அனுப்பிவிடுறேன். ஒண்ணு மட்டும், ஸ்டிக்கர் கிஸ்டிக்கர் ஒட்டிப்புடாதீக."

எதிரே கொழுந்தனார் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்த விரலை ஒடித்திருப்பேன். ஆனால் அணைந்து கிடந்த மூன்று அடுப்புகளும் கண்ணில் பட்டன.

"ஒட்டல ஆச்சி," என்றேன். "ஆனா சபையில யாராச்சும் கேட்டா, வீட்டுல சுட்டதுன்னு மட்டும் சொல்லாதீக. எங்க கைன்னு சொல்லுங்க."



"சபையில யாரு கேக்கப் போறாக?" என்றார்.

அதில் கிண்டல்கூட இல்லை. இருந்திருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஊரில் உள்ள ஒரு நடப்பைச் சொல்வதுபோல் சொன்னார்.

"வாளிய அனுப்புங்க ஆச்சி," என்றேன். போனை வைத்துவிட்டு, துணிக்கடைக்குப் போனவளைக் கூப்பிட்டேன்.