காலி இருக்கைகளுக்குக் குளிர்

எங்கள் வீட்டுக்குக் கீழே தினமும் விடியற்காலையில் ஒரு பேருந்து ஆளே இல்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும். செனாய் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டி. ஓட்டுநர் மணியம் அண்ணன் எஞ்சினை முடுக்கி, ஏர்கானைப் போட்டுவிட்டு, மூலைக்கடைக்குத் தே தாரிக் தேநீர் குடிக்கப் போய்விடுவார். காலி இருக்கைகளுக்குக் குளிரூட்டும் விசித்திரத்தை நான் மலேசியாவுக்கு, இந்த ஜொகூருக்கு வந்துதான் பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த கரூர்ப் பக்கம் ரயில்வே கேட் மூடியதும் பேருந்து ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிடுவார். காற்றின் மீதுள்ள கரிசனம் ஒன்றுமில்லை, டீசல் மிச்சம். அதே வண்டி கிளம்பும்போது முகத்தில் கரியை அப்பும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வோமே தவிர, நான் உட்பட ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஆகவே ஊர்ப் பெருமை பேச இதை எழுதவில்லை.

நகரத்துக்குள் சத்தமும் புகையும் இல்லாத மின்சாரப் பேருந்துகள் வருகின்றன என்று இங்கே எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். எங்கள் தெருவுக்கு வருவது என்னவோ பழைய டீசல் வண்டி. என் மகள் யாழினிக்கு இழுப்பு உண்டு. வண்டி உறுமத் தொடங்கினால் அவள் நெஞ்சும் விசிலடிக்கத் தொடங்கிவிடும். என் கணவர் செல்வம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சண்டைக்கு அஞ்சுபவர். "கொஞ்ச நாளைக்கு இவள உங்கம்மா வீட்டுல விட்ருவோமா? அங்க காத்து நல்லா இருக்கும்ல?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! இங்கே பிறந்த பிள்ளை ஊரைவிட்டுப் போக வேண்டும், பேருந்து சுகமாக நிற்க வேண்டுமா?

முதலில் மரியாதையாகத்தான் சொன்னேன். "அண்ணே, காலையில வண்டி ரொம்பத் தொந்தரவா இருக்கு." அவர் உடனே தலையாட்டினார். மறுநாள் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். முன்விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டாராம். இப்போது புகைக்குழாய் நேராக எங்கள் படுக்கையறையைப் பார்த்தது. புகையைத்தான் சொன்னேன் என்று விளக்கியபோது சிரித்தார். "தங்கச்சி, பஸ்ஸு சில்லுன்னு இல்லன்னா ஆளுங்க ஏசுவாங்க லா. உங்க ஊருல இல்லாத புகையா?"

பிறகு ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைக்கு விடுமுறை இல்லை. மணியம் அண்ணன் பேருந்துக்கு மாலை போட்டு, விபூதிப் பட்டை தீட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நேராகப் போனேன். "அண்ணே, ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கற நாளு இது. சூடம் காட்டுற நேரத்துலயாவது அதைச் சும்மா விடக்கூடாதா?"

"அலமாக்!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அணைத்தார். ஆட்கள் ஏறும்போதுதான் மறுபடி முடுக்கினார். வெக்கை என்று சிலர் முணுமுணுத்தார்கள். யாரும் உருகி வழிந்துவிடவில்லை. அன்று காலை யாழினி நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் பழைய உறுமல். படியிறங்கிப் போய், கடைக்குக் கிளம்பிய மணியம் அண்ணனை வண்டிக்கு முன்னால் மறித்து நின்றேன். "ஆளுங்க ஏறும்போது முடுக்குங்க. இப்ப அணைங்க. நான் நகரமாட்டேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்ன உங்க ரோடா? நீங்களே விசாவப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு இருக்கிறவங்க."

"என் ரோடு இல்லண்ணே. அதனாலதான் இவ்வளவு நாள் கெஞ்சினேன். ஆனா இது என் மக ரோடு. அவ இங்கதான் பொறந்தா, இங்கதான் மூச்சு விடணும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப உங்க ரோடு எங்க இருக்கு, தங்கச்சி?"

ஏளனமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கரூர் என்று வாய்வரை வந்தது. அங்கே ஒரு நாளும் ஒரு வண்டியின் முன்னாலும் நான் இப்படி நின்றதில்லையே. அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. அதற்குப் பிறகும் நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.