துண்டு போட்ட இரண்டு வரிசை: கம்பத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம்

சுருளி அருவிக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு நான் இத்தனை நாளும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். கம்பம் வரை போய்விடுங்கள், அப்புறம் டவுன் பஸ் இருக்கிறது. போன ஐப்பசியில் அந்தப் பதிலுக்கே ஆபத்து வந்தது. தேனி, கம்பம் பகுதிக்கான போக்குவரத்துத் திட்ட வரைவு தயாராகிவிட்டது, பொதுமக்கள் கம்பத்துக்கு நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்று செய்தித்தாளின் உள்பக்க மூலையில் நான்கு வரி போட்டிருந்தார்கள். புதன்கிழமை, மதியம் மூன்று மணி.

நான் திண்டுக்கல்காரி. பள்ளி நாள் தொடங்கி இன்றுவரை பஸ்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். பஸ் எந்த வழியாகப் போக வேண்டும் என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் எப்படிக் கேட்பார்கள், யார் வந்து பதில் சொல்வார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. அருவிக்குப் போய்வந்து ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், கூட்டத்துக்குப் போய்வந்து நான் எழுதுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வீட்டில் சிரித்தார்கள்.

திண்டுக்கல்லில் காலை எட்டு மணிக்கு ஏறினேன். வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. தேனி புது பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே பைபாஸில் இருக்கிறது, கடைத்தெருவோ அல்லிநகரம் பக்கம். நல்ல காப்பி வேண்டுமென்றால் ஆட்டோ பிடித்து ஊருக்குள் போக வேண்டும். நான் போகவில்லை. ஸ்டாண்டிலேயே ஒன்றைக் குடித்துவிட்டு வருத்தப்பட்டேன்.

கம்பத்துக்கு இங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். வீரபாண்டி தாண்டியதும் முல்லையாறு கொஞ்ச தூரம் துணைக்கு வரும், வலது பக்க ஜன்னலா இடது பக்க ஜன்னலா என்று கேட்காதீர்கள், இரண்டு பக்கமும் வயல்தான், இரண்டு பக்கமும் மலைதான். என் பக்கத்தில் ஒருவர் பெயின்ட் டப்பா கட்டுகளைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ஜெபராஜ். கம்பத்தில் பெயின்ட் கடை, சரக்கெடுக்கத் தேனிக்கு வந்து திரும்புகிறார். கூட்டத்துக்குத்தான் போகிறேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் அங்கனதாம்மா வர்றேன். என் மக தேனியில ஆஸ்பத்திரி நர்ஸு. நைட் டூட்டி. ஏழரைக்குள்ள போய்ச் சேரணும். சாயங்கால வண்டி உத்தமபாளையம், சின்னமனூருன்னு நின்னு நின்னு போயி, தெனமும் பிள்ளைக்குத் திட்டு. இப்பத் திட்டத்துல ஆறு மணிக்கு நேர் வண்டி ஒண்ணு போட்டிருக்காக. அது வந்துட்டா எனக்கு நிம்மதி."

"புது வண்டியா அண்ணாச்சி?"

"புதுசு எங்கம்மா? அருவிக்குப் போற வழியில, சுருளிப்பட்டிக்குப் போற ஆறு மணி ட்ரிப்ப நிறுத்திட்டு, அந்த வண்டிய இதுக்கு விடப் போறாக." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்தான், அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கே முழுசாக ருசிக்கவில்லை என்று தெரிந்தது.

கம்பத்தில் நூறு ரூபாய்க்கு வயிறார மதியச் சாப்பாடு. கூட்டம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கல்யாண மண்டபத்தில். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ்கள் உறுமுவது உள்ளே நன்றாகக் கேட்டது. முந்தின நாள் அங்கே கல்யாணம் போலிருக்கிறது. மேடையில் தெர்மாக்கோல் அன்னப்பறவைகள் இரண்டும் அப்படியே இருந்தன. மதுரையிலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு, வேறு நாற்காலி கிடைக்காமல், மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தையே போட்டிருந்தார்கள். மனிதருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதில் சாய்ந்து உட்காரவும் கூச்சம், எழுந்து நிற்கவும் முடியாத நிலை.

நான் சீக்கிரமே போய்விட்டதால் முன் வரிசையில் உட்காரப் போனேன். பார்த்தால் முதல் இரண்டு வரிசையிலும் ஒரு நாற்காலி விடாமல் துண்டு கிடந்தது. பச்சைத் துண்டு, கட்டம் போட்ட துண்டு, கரை கிழிந்த ஈரிழைத் துண்டு, நடுவே ஒரு குழந்தையின் பூப்போட்ட டவல். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஊர் முழுக்க உண்டு. கூட்டத்தில் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

"அங்கன உக்காராத தாயி. ஆள் இருக்கு." சொன்னவர் ஓரத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள், சுருளிப்பட்டி. கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தது.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கதை கேட்டேன். அவர் ஊர்ப் பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். காலையில் ஜீப் ஊருக்குள்ளேயே வந்து வாசலில் ஹாரன் அடிக்கும், ஏனென்றால் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். சாயங்காலம் கம்பத்தோடு இறக்கிவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அதன் பிறகு ஆள் யாருக்கும் வேண்டாம். மீதி ஐந்தாறு கிலோமீட்டருக்கு அந்த ஆறு மணி பஸ்தான். பெண்களுக்கு அதில் காசு கிடையாது.

"அது நின்னுச்சுன்னா ஆட்டோதேன். ஆட்டோவுக்குக் குடுத்தா கூலியில என்ன மிஞ்சும்? நாலஞ்சு பேரு இப்பவே மலைக்குப் போறத விட்டுருவோம்ங்கிறாளுக. விட்டா கஞ்சிக்கு என்ன செய்ய? கூட்டத்த மூணு மணிக்கு வச்சா அவளுக எப்படி வருவாளுக? எனக்குக் கால் பிசகி நான் வீட்ல கெடக்கேன். அதான் நேத்து ராத்திரி நொண்டிக்கிட்டே வீடு வீடாப் போயி ஆளுக்கொரு துண்டு வாங்கியாந்து போட்டுட்டேன்."

மூன்றேகாலுக்குக் கூட்டம் ஆரம்பித்தது. திரையில் படம் காட்டினார்கள். 'பல்முறைப் போக்குவரத்து ஒருங்கிணைப்பு' என்று ஒரு சொல் வந்தது, எனக்குப் பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார். ஆனால் ஆட்கள் பேச ஆரம்பித்ததும் மண்டபம் கலகலப்பானது. ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பறை, தேனியில் காலையில் ரயிலை விட்டு இறங்கினால் பஸ் கிடைக்காதது, பள்ளிக்கூட நேரத்தில் நிற்காமல் போகும் வண்டிகள் என்று ஒவ்வொருவரும் உருப்படியாகவே பேசினார்கள். அதிகாரியும் உண்மையாகவே கேட்டார், குறுக்கே பேசவில்லை. ஜெபராஜ் எழுந்து மகளின் நைட் டூட்டியைச் சொன்னபோது எனக்கே நேர் வண்டி வந்தால் தேவலை என்று தோன்றியது. இதுதான் சங்கடம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, வண்டி ஒன்றுதான் இருந்தது.

நாலே முக்காலுக்குப் பேச ஆள் தீர்ந்துவிட்டது. அதிகாரி மணியைப் பார்த்தார். "சுருளிப்பட்டி ட்ரிப்புக்கு ஆட்சேபம் சொல்ல யாரும் இல்லையா? முன் வரிசையே காலியா இருக்கு. அப்ப முடிச்சுக்கலாம்."

பேச்சியம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "காலியா எங்க இருக்கு சார்? துண்டு கெடக்குல்ல."

"துண்டை வருகைப் பதிவுல ஏத்த முடியாதும்மா. நீங்க வந்திருக்கீங்க, ஒருத்தர்னு எழுதிக்கிறேன்."

"அவளுக அஞ்சரைக்கு வந்துருவாளுக சார்."

"எனக்கு இன்னும் ஒரு ஊர்ல வேலை இருக்கும்மா. புரிஞ்சுக்கணும்." குரலில் எரிச்சல் இல்லை, அலுப்புதான் இருந்தது. துண்டுகளை எடுத்து மடித்துக் கொடுக்கச் சொல்லி ஊழியரிடம் கை காட்டினார். ஊழியர் கம்பத்துக்காரர். அவர் அசையவே இல்லை, காதில் விழாதவர் போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ஜெபராஜ் எழுந்து நின்றார். கூட்டம் அந்த நிமிடம் முடிந்தால் அவருடைய மகளுக்கு வண்டி வந்த மாதிரிதான். பேசாமல் இருந்தாலே போதும்.

"சார், நீங்க வெளியூரு. உங்களுக்குத் தெரியாது. இங்கன துண்டு போட்டா ஆள் வந்த மாதிரி. துண்டு போட்ட சீட்டுல நாங்க உக்காந்ததும் இல்ல, அத எடுத்து எறிஞ்சதும் இல்ல. இம்புட்டுத் துண்டு போட்டிருக்காக, வராம இருக்க மாட்டாக. ஒரு டீ குடிச்சிட்டு வருவோம் சார். நான் வாங்கித் தர்றேன்."

பின்னால் இருந்து "ஆமா, ஆமா" என்று நாலைந்து குரல்கள். அதிகாரி அவரையும் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிம்மாசனத்தில் முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். டீ வந்தது. எனக்கு ஜெபராஜின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, அவரோ முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

அன்று மலையில் மழை. ஐந்தரை ஆகியும் ஜீப் வரவில்லை. பேச்சியம்மாள் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நொண்டினார். கடைசியில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, சேறு அப்பின கால். அவர்களோடு ஏலக்காய் வாசமும் உள்ளே வந்தது. அவரவர் துண்டை அடையாளம் பார்த்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு வரிசையும் நிறைந்தது, ஒரு நாற்காலி மிஞ்சவில்லை.

பூப்போட்ட டவலுக்கு உரிய இளம்பெண்தான் மைக்கை வாங்கினாள். "சார், என் பிள்ளைக்கு ஒண்ணரை வயசு. பக்கத்து வீட்டு அக்காதான் பாத்துக்கிறாக. அவுகளும் ஏழு மணிக்கு வேற வீட்டு வேலைக்குப் போகணும்..." அவ்வளவுதான் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு ஹாரன். எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

"உக்காருங்கம்மா, இன்னும் யாருமே பேசலையே" என்றார் அதிகாரி.

"பேசிக்கிட்டு நின்னா பஸ்ஸு போயிரும் சார்" என்றார் பேச்சியம்மாள். "பஸ்ஸக் காப்பாத்த வந்துட்டு பஸ்ஸ விட்டுட்டு நிக்கவா? மிச்சத்தக் கேக்கணும்னா நீங்க வண்டிக்கு வாங்க."

அதிகாரி வந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சுகளைப் பதிவு செய்கிற ஊழியர் போனை நீட்டிப் பிடித்தபடி பின்னால் ஓடி வந்தார். நாங்கள் ஸ்டாண்டுக்குள் நுழைவதற்குள் பெண்கள் ஜன்னல்கள் வழியாகத் துண்டுகளை எறிந்துவிட்டிருந்தார்கள். கடைவீதியில் வேலை முடித்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏற்கெனவே பாதி வண்டியை நிறைத்திருந்தார்கள். அதிகாரிக்கும் எனக்கும் கம்பிதான் கிடைத்தது.

சுருளிப்பட்டி வரை ஏறக்குறைய இருபது நிமிடம். திராட்சைப் பந்தல்கள் இருட்டிக்கொண்டு வந்தன. அவரவர் இருந்த இடத்திலிருந்தே பேசினார்கள், போன் கைமாறிக் கைமாறிப் போனது. அதிகாரி ஒரு தடவை, "தினமும் இவ்வளவு கூட்டமா?" என்று கண்டக்டரிடம் கேட்டார்.

"இன்னைக்கு மழை சார். கம்மி" என்றார் கண்டக்டர்.

அதிகாரி இன்னொரு கேள்வியும் கேட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. நர்ஸ் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று அந்தப் பெண்களிடமே கேட்டார். பேச்சியம்மாள், "தேனி வண்டி எதையாவது ஒண்ண நிக்காமப் போகச் சொல்லுங்க சார், எங்க வண்டிய ஏன் பிடுங்கணும்?" என்றார். ஊர் வந்தது. எல்லாரும் இறங்கி வேகமாக நடந்தார்கள், பூப்போட்ட டவல் ஓடியது. அதே வண்டியில் அதிகாரியும் நானும் கம்பத்துக்குத் திரும்பினோம். அப்போது எல்லா சீட்டும் காலி. அவர் என்னவோ கம்பியைப் பிடித்தபடியே நின்றுகொண்டு வந்தார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அருவிக்கு மழை நாளில் போனால் குளிக்க விடுகிறார்களா என்று கம்பத்திலேயே விசாரித்துவிடுங்கள், பல நாள் தடை இருக்கும். மதிய வண்டிகளில் தாராளமாக இடம் கிடைக்கும். மாலை ஆறு மணி வண்டியைச் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் தயவுசெய்து தவிருங்கள், அது உழைத்துக் களைத்தவர்களின் வண்டி. சீட்டில் துண்டு கிடந்தால் தொடாதீர்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் போட்டால், எந்த நேரத்துக்குப் போட்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் யாரால் வர முடியாது என்று முதலில் பாருங்கள். நான் இதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திட்டம் இன்னும் இறுதியாகவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெபராஜின் மகள் இன்னும் நின்று நின்று போகிற வண்டியில்தான் போகிறாள். ஆனால் போன வாரம் பேச்சியம்மாள் போன் செய்தார். இரண்டாவது கூட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். இடம் சுருளிப்பட்டி, நேரம் இரவு ஏழரை.

"அப்ப மறுபடியும் துண்டு வாங்க வீடு வீடாப் போகணுமா?" என்று கேட்டேன்.

"நாங்க எதுக்குத் தாயி போடணும்? நாங்க வீட்லதான இருப்போம்" என்றார். "இந்தத் தடவ மதுரையிலருந்து வர்ற அவுகதேன் துண்டு போடணும்."