அட்ஜஸ்ட் பண்ணத் தெரிந்தவள்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட கன்னியம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை மட்டும் நன்றாகக் கைவந்திருந்தது. அட்ஜஸ்ட். மாம்பலத்தில் அவள் வேலை செய்யும் தையல் கடையில், இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பதற்கு அதுதான் பெயர். தண்ணீர் வராத நாளில் வீட்டுக்காரம்மா சொல்வதும் அதையே. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்லும் முதலாளிக்கும் வேறு வார்த்தை கிடையாது. யார் சொன்னாலும் அட்ஜஸ்ட் பண்ணுகிறவள் அவள்தான்.

ரயிலிலும் அப்படியே. தாம்பரத்தில் புறப்படும் எட்டேகால் வண்டியில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்காருவாள். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக யார் வந்தாலும் ஒடுங்கி இடம் விடுவாள். ஆனால் பக்கத்தில் கைக்குட்டை போட்டு வைப்பது ஹெப்சிக்கு மட்டும். சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கும் ஹெப்சி, குரோம்பேட்டையில் ஏறுவாள். ஆறு வருஷமாகக் கன்னியம்மாவின் வீட்டுக் கதையைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

போன மாதம் அந்தப் பள்ளிக்குப் புது டீச்சராக மிருதுளா வந்தாள். குரோம்பேட்டைக்கு முந்தின ஸ்டேஷனான சானடோரியத்தில் ஏறுகிறவள்.

“அக்கா, அவளுக்கும் ஒரு இடம் போட்டு வைங்க” என்றாள் ஹெப்சி.

போட்டாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஹெப்சி இத்தனை சிரிப்பாள் என்பதே கன்னியம்மாவுக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கைக்குட்டைதான் போட்டாள். சானடோரியத்தில் ஏறிய மிருதுளாவிடம், “ஆள் வராங்க” என்று சொல்லிவிட்டாள். மற்ற இடமும் நிறைந்திருந்தது.

குரோம்பேட்டையில் ஏறிய ஹெப்சி, நின்றுகொண்டிருந்த மிருதுளாவைப் பிடித்துத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றாள்.

மிருதுளா உடம்பை ஒடுக்கிக்கொண்டாள். “அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்களேன், ஹெப்சியும் உக்காரட்டும்.”

“எங்க கீது இடம்? என் மடியிலயா?”

“ஊருக்கெல்லாம் இடம் குடுப்பீங்க. எனக்கு இல்லையாக்கா?” என்றாள் ஹெப்சி.

“உனக்குத்தான் போட்டேன். நீதான் தூக்கிக் குடுத்துட்ட.”

சைதாப்பேட்டையில் இறங்கும்போது ஹெப்சி வழக்கமாகச் சொல்லும் “வரேன்க்கா” அன்றைக்கு இல்லை. கடையில் கன்னியம்மா ஒரே ஜாக்கெட்டுக்கு இரண்டு தடவை கையை மாற்றித் தைத்துப் பிரித்தாள். நாளைக்கு ஹெப்சி வேறு பெட்டியில் ஏறிவிட்டால்?

மறுநாள் இரண்டு பக்கமும் கைக்குட்டை போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். மிருதுளாவுக்கு ஜன்னலோரம். இனி எந்த இங்கிலீஷும் கன்னியம்மாவின் தலையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

குரோம்பேட்டையில் ஹெப்சி அதே பெட்டியில்தான் ஏறினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

“ஜன்னலை விட்டுட்டீங்களாக்கா?”

“காத்து ஒத்துக்கல” என்றாள் கன்னியம்மா.